ஒரு முறம் தவிடு

பூங்காவனம் அக்கா பணி ஓய்வு பெற்ற நாளில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். 2007 ஜூன் முப்பது, சனிக்கிழமை. ஆவாரங்குறிச்சி துணை சுகாதார நிலையத்துக்கு முன்னால் பந்தல். சால்வை, சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அக்காவைத் தெய்வம் என்றார்கள், தியாகத்தின் திருவுருவம் என்றார்கள். அக்கா பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தபோது, "தெய்வமெல்லாம் இல்லீங்க, சரியான கோவக்காரி" என்று ஆரம்பித்தேன். அதற்குள் பந்தலின் பின்பக்கம் சலசலப்பு. என் பேச்சு அத்தோடு நின்றுபோனது. என்ன சலசலப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேடையில் சொல்லாமல் விட்டதை எழுதட்டுமா என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். எழுதிக்கொள், ஆனால் நீ செய்த தப்பையும் சேர்த்து எழுது என்றார். சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஜெயசித்ரா. ஆவாரங்குறிச்சி பால்வாடி டீச்சர். ஊர் குன்னத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1995 ஆடி மாதம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், மதுரகாளியம்மன் படம் ஒன்று இவற்றோடு அக்கா இங்கே கிராம சுகாதார செவிலியராக மாற்றலாகி வந்தார். நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் கீழப்பழுவூர். கணவர் வீரமுத்து அந்தப் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேன். சனிக்கிழமை சாயங்காலம் அரியலூர் வழியாக பஸ் பிடித்து வருவார், திங்கட்கிழமை காலையில் போய்விடுவார். பிள்ளை இல்லை.

அந்த 'பிள்ளை இல்லை'யை ஊர் என்ன பாடுபடுத்தியது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. பிரசவ வலி கண்டால் முதலில் கூப்பிடுவது நர்ஸம்மாவை. ரத்தமும் நீருமாகப் பிள்ளையைக் கையில் ஏந்துவது அவர். ஆனால் அதே பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கும்போது அக்காவுக்கு மட்டும் அழைப்பு வராது. பிள்ளை பெறாதவள் கையால் வளையல் போட்டால் ஆகாதாம். அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. வளைகாப்பு நடக்கும் வீட்டைக் கடந்து போகும்போது சைக்கிள் மிதிக்கும் வேகம் மட்டும் கூடும். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன், எனக்குத் தெரியும்.

இளவயதிலேயே மாமியார் வீட்டில் வீரமுத்துவுக்கு இரண்டாவது கல்யாணம் பேசினார்களாம். பெண்கூட உடையார்பாளையத்தில் பார்த்து வைத்தாயிற்று. வீரமுத்து அதிகம் பேசாத மனிதர். பூங்காவனம் வெளியே போவதாக இருந்தால் எனக்கும் சேர்த்து ஒரு பை கட்டிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாராம். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அக்கா வேலை பார்க்கும் விதமே தனி. கர்ப்பிணிகளைக் கூட்டி வைத்து சத்துணவு பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை, வீட்டில் அவர்கள் பேச்சு எடுபடாது என்று வந்த ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதனால் மாமியார்களைக் கூட்டினார். செவ்வாய்க்கிழமை மதியம் பால்வாடியில் மாமியார் கூட்டம். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள், அதுவும் நான் அவித்த கொண்டைக்கடலைக்காக. நான்காவது வாரம் உட்கார இடமில்லை. உங்கள் மருமகள் ரத்தம் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்பார். குறைவாக இருந்தால் அந்த மாமியாருக்குப் பக்கத்து வீட்டு மாமியார் முன்னால் மானம் போகும். இரண்டு வருஷத்தில் எங்கள் ஊரில் முருங்கைக்கீரை வைக்காத வீடு இல்லை. சத்து மாத்திரையைச் சாக்கடையில் கொட்டியவர்களையெல்லாம் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறார். கோபக்காரி என்று சும்மாவா சொன்னேன்.

சாமி நம்பிக்கை அதிகம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வருவார். என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அந்த மாதம் பிரசவத்துக்கு இருப்பவர்களின் பேரை வரிசையாகச் சொல்லிவிட்டு வருவாராம். தனக்காக எதுவும் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாராம்.

அந்த வரிசையில் 1995 கடைசியில் அடிக்கடி வந்த பேர் பாப்பாயி. அங்கமுத்துவின் மனைவி. மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் ஒரு மாதம் முடிவதற்குள் பறிகொடுத்தவள். நான்காவது கரு தங்கியிருந்தபோது பாப்பாயி யாரிடமும் சொல்லவில்லை, வயிறு தெரிந்த பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது. அக்கா விடவில்லை. தினம் போய் எதிரில் நின்று மாத்திரையை விழுங்க வைத்தார். மாசி மாதம் வலி கண்டதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்ற அங்கமுத்துவை ஒரு அதட்டல் போட்டு, பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிப் போனார். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து பிறந்த பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கே ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்குவார்கள். இது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். நாலைந்து பிள்ளை பெற்று எல்லாவற்றையும் வளர்த்து நிறுத்தியவளிடம்தான் கொடுப்பது வழக்கம். பாப்பாயி மட்டும் நர்ஸம்மாவுக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். பிள்ளை இல்லாதவளிடமா என்று அவள் வீட்டுப் பெண்கள் குதித்தார்கள்.

"மூணும் பிள்ளை பெத்தவங்க கையிலதான் பொறந்துச்சு. தங்குச்சா? இது அவங்க கைபட்டுத்தான் உசுரோட வூடு வந்துருக்கு" என்றாள் பாப்பாயி.

அக்கா இந்த மாதிரி விஷயங்களுக்கெல்லாம் எரிந்து விழுகிறவர். இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று எனக்கு ஆச்சரியம். ஒத்துக்கொள்ள ஒரு நிபந்தனை போட்டார். விற்கிறவள் நான் என்றால் நான் சொல்கிற ஊசி அத்தனையும் போட வேண்டும், மாசாமாசம் எடை பார்க்க வேண்டும், வயிற்றுப் பொருமலுக்குச் சூடு போடக் கூடாது. அங்கமுத்து தலையாட்டினார்.

முப்பதாம் நாள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து அக்கா மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தவிட்டோடு வருவார்கள். பால் கொடுக்க மட்டும் பாப்பாயி நடுவில் யாரோ போல வந்து போனாள். அன்றைக்கு முழுக்க அக்கா பிள்ளையைக் கீழே விடவில்லை. நான் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று ஒரு கையாலேயே சாப்பிட்டார். சாயங்காலம் முறத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார். தவிட்டை என் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளை தங்கியது. அக்காதான் மணிமொழி என்று பேர் வைத்தார். எடை மெதுவாக ஏறியது. எல்லோருக்கும் அம்மன் செயல், எனக்கு அக்கா செயல். அக்காவைக் கேட்டால் முருங்கைக்கீரை என்பார்.

விவகாரம் வெடித்தது 2001 ஜூனில். மணிமொழியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அங்கமுத்து வாங்கி வந்து கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த தலைமை ஆசிரியர் நல்லுசாமி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தாயார் பெயர்: பூங்காவனம். தந்தை பெயர்: வீரமுத்து.

அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. நாற்பத்தேழு வயதில் நர்ஸம்மா பிள்ளை பெற்ற கதையை டீக்கடையில் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். கடைசியில் அங்கமுத்துவைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டபோது உண்மை வந்தது. தவிடு கொடுத்து வாங்கிய மறுநாள் அவர்தான் கிராம அலுவலகத்துக்குப் போய், வீட்டில் பிறந்த பிள்ளை என்று சொல்லிப் பிறப்பைப் பதிந்திருக்கிறார். தன் பேரைச் சொன்னால் அது அரசாங்கப் புத்தகத்தில் ஏறிவிடும். புத்தகத்தில் ஏறினால் எமன் படித்துவிடுவான். அதனால் விற்றவர்களின் பேரைச் சொல்லிவிட்டார். எழுதியவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர், சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். கைநாட்டு வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்த மனிதர், ஐந்து வருஷம் இதை மூச்சுவிடவில்லை.

சரி, மாற்றிவிடலாம் என்றால் அங்கமுத்து நடுங்கினார். "அஞ்சு வருசம் ஏமாந்துருக்கான். இப்பப் போய் நாமளே காட்டிக் கொடுக்கணுமா? காயிதத்துல உங்க பிள்ளையாவே இருக்கட்டும்ங்க. உங்க வூட்டுலயே வளரட்டும், படிக்கட்டும்" என்றார் அக்காவிடம். அதற்குள் அவர்களுக்கு ஒரு பையனும் பிறந்து மூன்று வயது ஆகியிருந்தது. பெண்ணை மனசாரத்தான் கொடுத்தார்.

இனி என் தப்பு. அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் போய், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெற்றவரே கொடுக்கிறார், அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது, அம்மன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்றேன். இந்த ஊர் வாயை அடைக்க இதைவிட என்ன வேண்டும் என்றேன். அவருக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று அவரைவிட நான் ஆசைப்பட்டிருந்தேன் போல. அக்கா சான்றிதழை மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அந்த சனிக்கிழமை வந்த வீரமுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே போனார். குன்னம் வரை போய் ஒரு ஜோடி சின்னச் செருப்பு வாங்கி வந்தார். அலமாரியில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் அக்கா கலங்கிப் போனதாகப் பிறகு என்னிடம் சொன்னார். பத்து நாள் அந்தச் சான்றிதழ் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தப் பத்து நாளும் அக்கா யாரையும் திட்டவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் அக்கா என்னைக் கேட்டார். "எல்லாரும் சொல்லிட்டீங்க. பாப்பாயி என்ன சொன்னா?"

நான் கேட்கவே இல்லை. அங்கமுத்து சொன்னால் அவள் சொன்ன மாதிரி என்று நினைத்துவிட்டேன். ஊரில் பெண்கள் பேச்சு எடுபடவில்லை என்று மாமியார் கூட்டம் போட்டவரின் பக்கத்திலேயே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு பேரும் பருத்திக் காட்டுக்குப் போனோம். பாப்பாயி களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அக்கா வாயைத் திறப்பதற்கு முன் அவளே களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"நீங்க கேட்டா என்னால முடியாதுன்னு சொல்ல முடியாதுங்க. அவ உசுரு நீங்க போட்டது. அதனால தயவுபண்ணி கேக்காதீங்க."

அக்கா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "கேக்க வரல. நாளைக்குத் தாலுகா ஆபீஸ் போறோம், கெளம்பி இருன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார். பாப்பாயி அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அக்கா தூக்குவாளியில் கொண்டுபோயிருந்த சோற்றை அவளைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அங்கமுத்துவைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அக்கா அவரைத் திண்டாட வைத்த கேள்வி ஒன்றுதான். "உன் மொத மூணு பிள்ளைங்க பேரு எந்த புக்குலயும் ஏறலியேப்பா. பதியறதுக்கு முந்தியே போயிடுச்சே. எமன் எதைப் படிச்சுட்டு வந்தான்?" ஆனாலும் அங்கமுத்துவுக்குப் பயம் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கா அவரையும் மணிமொழியையும் சிறுவாச்சூருக்கே கூட்டிப் போனார். சன்னிதியில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "நான் தவிடு வாங்கிட்டு வித்தாச்சு தாயே. இனி என் கையில ஒண்ணுமில்ல. இவ இவங்க பிள்ளை, நீ பாத்துக்க" என்றார். அங்கமுத்து விபூதியைப் பூசிக்கொண்டு, இனி உங்கள் இஷ்டம் என்றார்.

அரசாங்கம் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்ததும், மறு வருஷமே பழையபடி சேர்த்ததும் அந்தக் காலத்தில்தான். ஒரு மாவட்டத்தையே பிரித்துச் சேர்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் தாய் பேரை மாற்ற எங்களை ஐந்து மாதம் அலைய விட்டார்கள். கடைசியாக ஒரு நாள், இந்தக் குழந்தையை நான் பெறவில்லை என்று அக்கா கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதினார். உங்கள் சொந்தக் குழந்தைகள் விவரத்தையும் எழுதுங்கள் என்றார் எழுத்தர். அப்படி யாரும் இல்லை என்றார் அக்கா. அதையும் எழுதுங்கள் என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

எனக்குக் குழந்தை பிறந்ததில்லை என்று அக்கா எழுதினார். எழுத்து எப்போதும் போலக் குண்டு குண்டாக, நேராக இருந்தது. ஊரெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நான் அழுதேன். அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பசிக்கிறது என்று சொல்லி இரண்டு போண்டா வாங்கித் தின்றார், எனக்கும் ஒன்றைத் திணித்தார். அந்தச் சின்னச் செருப்பை மட்டும் மணிமொழிக்குப் பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவிட்டார். நல்லுசாமி சார் ஜூனிலேயே சேர்த்துக்கொண்டு சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொண்ட நல்லவர்.

அடுத்த தை மாதம் பாப்பாயியின் தங்கை சசிகலாவுக்கு வளைகாப்பு. பாப்பாயி வெற்றிலை பாக்கோடு வந்து அக்காவை அழைத்தாள். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பாப்பாயி அவரை எழுப்பிக் கொண்டுபோய் முதல் வளையலைக் கையில் கொடுத்தாள். யாரோ முணுமுணுத்தார்கள். மாமியார் கூட்டத்துக் கிழவிகள் இரண்டு பேர் திரும்பி முறைத்ததும் அதுவும் அடங்கிவிட்டது. சசிகலாவுக்கு மூன்று கிலோவில் பையன் பிறந்தான். அதற்கப்புறம் எங்கள் ஊரில் அக்கா இல்லாமல் வளைகாப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது பந்தலுக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கீழப்பழுவூர் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. வீரமுத்து ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். மறுநாள் சாமான் ஏற்ற வேன்கூடச் சொல்லியாயிற்று. அக்காவுக்குப் போக மனமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அக்கா ஊர் ஊராக வேலை பார்த்த முப்பது வருஷமும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மனிதரிடம் இன்னும் இரு என்று எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

நான் பேச ஆரம்பித்தபோது பந்தலின் பின்பக்கம் கூட்டம் விலகியது. மணிமொழி வந்தாள். பதினோரு வயது, ஏழாம் வகுப்பு, ரெட்டைச் சடை. தலையில் ஒரு முறம். பின்னால் பாப்பாயி, அங்கமுத்து, அவர்களுக்குப் பின்னால் மாமியார் கூட்டம் மொத்தமும். அவள் மேடைப் பக்கம் வரவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வீரமுத்துவின் எதிரில் போய் முறத்தை இறக்கி வைத்தாள். முறம் நிறையத் தவிடு.

"பெரியப்பா, தவுடு இந்தாங்க. எங்க நர்ஸம்மாவ எங்களுக்குக் கொடுத்துருங்க."

பந்தலே சிரித்தது. வீரமுத்து முறத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். குனிந்து ஒரு கை தவிட்டை அள்ளி, நெல் வாங்க வந்தவர் மாதிரி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது அவளுக்குச் சரி. நான் ஒருத்தன் இருக்கேன்ல? எனக்கு ஒரு முறம் கொண்டாங்க" என்றார்.

அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரைஸ்மில் பக்கம் ஓடினார். மேடையில் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தாலுகா ஆபீஸில் அழாததையும் சேர்த்து அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

பால்வாடிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு காலியாக இருந்தது, அங்கே குடிவந்துவிட்டார்கள். புதன்கிழமை ஊசி போடும் நாளில் அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, புதிதாக வந்த நர்ஸ் பிள்ளையைப் பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். கீழப்பழுவூர் வீட்டை நினைத்து வருத்தம் உண்டா என்று போன வாரம் கேட்டேன்.

"எங்களத் தவுட்டுக்கு வித்தாச்சே சித்ரா" என்றார். "இனி என் கையில என்ன இருக்கு?"